ராசியான புரோகிராம்

எனக்கு எழுபத்து நான்கு வயது. வளர்த்தது ஐந்து பேர். நான்கு பேர் என் வயிற்றில் பிறந்தவர்கள். ஐந்தாவது முத்துலட்சுமி, என் மூத்த மகனுக்கு வாக்கப்பட்டு வந்தவள். மருமகளை எப்படி வளர்த்த கணக்கில் சேர்ப்பாய் என்று கேட்கிறவர்கள் உண்டு. காரியாபட்டியிலிருந்து வரும்போது அவள் கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். மீதிப் படிப்பு என் வீட்டுச் சோற்றில்தான் முடிந்தது. அதனால் ஐந்து.

எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், பஸ் போர்டு வாசிக்கத் தெரியும். மற்ற எழுத்தெல்லாம் பேத்தி நிலாவின் கை. போன வாரம் ஏழாயிரம்பண்ணைக்கு வேனில் வேலைக்குப் போன கதையைச் சொன்னேன். இந்த வாரம் திருத்தங்கலில் என் வீட்டு மாடிக்கு வாருங்கள்.

இரண்டு மூன்று வருடம் இருக்கும். வைகாசி வெயில். மாடி அறையில் கம்ப்யூட்டர் சூடும் மின்விசிறிச் சூடும் சேர்ந்து, இஸ்திரி போட்ட துணி மாதிரி ஒரு வாசம். மோர்ச் செம்போடு ஏறிப் போனேன். என் கடைசி மகள் கலா ஒரு நாற்காலியில். முத்து அவள் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். திரை முழுக்கக் கட்டம் கட்டமாகச் சிவப்பு.

"என்னத்தா இது, களத்துல மொளகா வத்தல் காயப்போட்ட மாதிரி இருக்கு?" என்றேன்.

கலா சிரித்தாள். முத்து சிரிக்கவில்லை. செம்பை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, என்னைத் தாண்டிக் கீழே இறங்கிப் போய்விட்டாள்.

மாடியில் என்ன தொழில்

எங்கள் ஊர்ப் பக்கம் பட்டாசு போக மீதி எல்லாம் அச்சுத் தொழில். அதிலே டெய்லி காலண்டர் ஒரு பெரிய சோலி. ஒரு தாளில் தேதி மட்டுமா இருக்கிறது? திதி, நட்சத்திரம், நல்ல நேரம், ராகு காலம், சூலம், யாருக்குச் சந்திராஷ்டமம், எந்த ஊர்க் கோவிலில் என்ன விசேஷம். வருடம் முழுவதற்கும் அப்படி ஒவ்வொரு தாளையும் கோத்துக் கொடுக்கிற புரோகிராமை முத்து எழுதினாள். நிலா அப்போது தொட்டிலில். ஒரு காலால் தொட்டிலை ஆட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் தட்டுவாள். பழைய கம்ப்யூட்டர் ஒன்று, என் மகனின் லோடு வண்டி வருமானத்தில் வாங்கியது.

முதலில் ஒரே ஒரு பிரஸ். பிறகு அவர் சொல்லி இன்னொருவர், இவர் சொல்லி அடுத்தவர் என்று பத்துப் பதினைந்து பிரஸ் சேர்ந்தது. கலா பெங்களூரு வேலையை விட்டுவிட்டு வந்து அண்ணன் பெண்டாட்டியோடு கூட்டுச் சேர்ந்தாள். வாசலில் போர்டு வைத்தோம். போர்டில் இருக்கிற பெயரை நானே எழுத்துக் கூட்டி வாசித்தேன். அன்றைக்கு இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டேன்.

வியாழக்கிழமைக்குப் பால்

அந்த வைகாசியில் ஒரு பிரஸ்காரர் மாதிரித் தாளோடு வந்து நின்றார்.

வியாழக்கிழமை தெற்கே சூலம். பரிகாரம் தைலம். இது எங்கள் பக்கம் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் தெரியும். என் வீட்டுக்காரர் இருந்த காலத்தில் வியாழக்கிழமை தெற்கே புறப்பட்டால் உச்சந்தலையில் ஒரு சொட்டு நல்லெண்ணெய் வைக்காமல் படி இறங்க மாட்டார். ஒருநாள் எண்ணெய்க் குப்பி காலி. பக்கத்து வீட்டில் போய் வாங்கி வந்து வைத்துக்கொண்டு தெருமுனைக்குப் போனார். பஸ் போய்விட்டது. எண்ணெய் வைத்ததால்தான் கூட்டமான பஸ்ஸிலிருந்து தப்பித்தேன் என்று சொல்லிக்கொண்டே திரும்பி வந்தார். நம்பிக்கை உள்ள மனிதர்.

வந்தவரின் தாளில் வியாழக்கிழமைக்குப் பரிகாரம் பால் என்று இருந்தது.

"இதை அப்படியே அடிச்சுக் குடுத்தா, கடைக்காரவுக அந்தப் பாலை எங்க மூஞ்சில ஊத்துவாக" என்றார் அவர்.

முத்து தாளை வாங்கிப் பார்த்தாள். "இது போன வருசமே திருத்துனதாச்சே."

"எந்தப் பிரஸ்ஸுக்குத் திருத்துனீக மதினி?" என்று கலா கேட்டாள்.

அங்கேதான் சிக்கல். புரோகிராம் ஒன்று இல்லை. பிரஸ்ஸுக்கு ஒன்று என்று பத்துப் பதினைந்து காப்பி கிடந்தது. பாலைத் திருத்தியது ஒரு காப்பியில். அதிலிருந்து பிறகு எடுத்த காப்பிகளில் திருந்தியிருந்தது, மற்றதில் அப்படியே இருந்தது. எதில் எது என்று யாருக்கும் தெரியவில்லை.

"ஆடிப் பதினெட்டுக்கு ஆல்பம் போடணும். அதுக்குள்ள ஒழுங்குபடுத்தலைன்னா நான் வேற ஆளைப் பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு அவர் போனார். ஆல்பம் என்றால் அடுத்த வருடக் காலண்டர் மாதிரிகளை எல்லாம் கோத்த புத்தகம். ஆடிப்பெருக்கு அன்றைக்குப் பூசை போட்டு அதைத் திறப்பார்கள். அன்றிலிருந்துதான் ஆர்டர் பிடிப்பார்கள். அந்த ஒரு நாளை விட்டால் எங்களுக்கு அந்த வருடமே இல்லை.

அளக்கிற கருவி

கலா அன்றைக்கே ஒரு கருவியை இறக்கினாள். புரோகிராமை அளக்கிற புரோகிராம்.

எனக்குப் புரிந்த மட்டில் சொல்கிறேன். எழுதியதைத் துண்டு துண்டாக அது பார்க்கும். ஒரு துண்டுக்குள் எத்தனை இடத்தில் 'இப்படி இருந்தால் இந்தப் பக்கம் போ, இல்லாவிட்டால் அந்தப் பக்கம் போ' என்று பாதை பிரிகிறது என்று எண்ணும். பிரிவு கூடக் கூட, பச்சையாக இருக்கிற கட்டம் மஞ்சளாகி, பிறகு சிவப்பாகும். இன்னொரு பக்கம், ஒரே எழுத்து எத்தனை இடத்தில் திரும்பத் திரும்பக் கிடக்கிறது என்றும் காட்டும். எங்களுடையதில் முக்கால்வாசி திரும்பக் கிடந்தது.

நான் வத்தல் என்று சொன்னது அதைப் பார்த்துத்தான். முத்து இறங்கிப் போனபிறகு கலா எனக்கு விளக்கம் சொன்னாள்.

"அம்மா, நீ வேலை பாத்த பயர் ஆபீஸ்ல ரூமை ஏன் தள்ளித் தள்ளிக் கட்டியிருந்தாக?" பட்டாசுக் கம்பெனியை நாங்கள் பயர் ஆபீஸ் என்றுதான் சொல்வோம்.

"ஒண்ணு பத்துனா இன்னொன்னு பத்தக் கூடாதுன்னு."

"மதினி எழுதுனதுல ரூமே இல்லம்மா. எல்லாம் ஒரே கூடம்."

எனக்குத் தெரிந்ததை எனக்கே பாடம் நடத்துகிறாளே என்று நினைத்துக்கொண்டு திரும்பினால், முத்து படியில் நிற்கிறாள். செம்பை எடுக்க வந்தவள்.

"மதினி, இது உங்களைச் சொல்லலை. எழுதுனதைச் சொல்லுது" என்றாள் கலா.

"எழுதுனது யாரு? பக்கத்து வீட்டுக்காரியா?" என்றாள் முத்து. பிறகு என்னைப் பார்த்து, "அத்தே, என் குழம்பை அளக்க ஒரு மிசின் வந்தாலும் வாங்கிப் போடச் சொல்லுங்க உங்க மகளை" என்றாள்.

இந்த இடத்தில் நிலா பேனாவை நிறுத்திவிட்டு, "இதையும் எழுதணுமா அப்பத்தா?" என்று கேட்கிறாள். எழுது. நடந்ததுதானே.

நடுப்படி

அன்றைக்கு மறுநாளிலிருந்து முத்து மாடி ஏறவில்லை. அடுப்படி மேடையிலேயே மடிக்கணினியை வைத்துக்கொண்டு வேலை பார்த்தாள். கலா மேலே, முத்து கீழே, இரண்டு பேருக்கும் நடுவில் நான் தபால்காரி.

"அத்தே, உங்க மகள்ட்ட சொல்லுங்க, பிரஸ்காரர் ரெண்டு தரம் போன் பண்ணிட்டாக."

ஏறிப் போய்ச் சொல்வேன்.

"அம்மா, உன் மருமகள்ட்ட கேளு, விசேச நாள் துண்டுல வெள்ளிக்கிழமைக்கு மட்டும் எதுக்குத் தனியாப் பிரிச்சிருக்காக?"

இறங்கி வந்து கேட்பேன்.

"ஒரு மொதலாளியம்மா வெள்ளிக்கிழமை விரதத்தைப் பச்சை மையிலதான் போடணும்னாக. அதுக்குன்னு சொல்லுங்க."

மறுபடி ஏறுவேன்.

அதற்கு நடுவே ஒருநாள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே முத்து சொன்னாள். "அத்தே, மதுரையில ஒரு கம்பெனில என்னையக் கூப்பிடுறாக. ஆடி கழிச்சு வரச் சொல்லியிருக்காக. உங்க மகனும் வண்டியை மதுரைப் பக்கமே மாத்திக்கிறேங்காக. நிலாவை அங்கனயே பள்ளிக்கூடத்துல சேத்துரலாம்."

வீட்டைப் பார்த்தேன். மகனும் மருமகளும் பேத்தியும் போய்விட்டால் நானும் கலாவும் அந்தச் சிவப்புத் திரையும்தான் மிச்சம். போகாதே என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. நான் சொன்னதற்காக ஒருத்தி தங்கினால், அவள் மனது தங்குமா?

அடுத்த தபால் கீழே இருந்து மேலே போக வேண்டியது. பாதிப் படி ஏறினேன். முட்டி பிடித்துக்கொண்டது. அப்படியே நடுப்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"ரெண்டு பேரும் இங்கன வாங்க. இனிமே நான் ஏறவும் மாட்டேன், இறங்கவும் மாட்டேன். சோறும் இங்கனயே கொண்டு வாங்க."

கலா மேலே இருந்து எட்டிப் பார்த்தாள். முத்து கீழே இருந்து. நான் உட்கார்ந்தால் அந்தப் படியில் வேறு யாரும் போகவர முடியாது. அந்த உடம்பு எனக்கு உண்டு.

பிறகு முத்துதான் ஆரம்பித்தாள், கலாவைப் பார்க்காமல்.

"அம்புட்டுக் காப்பி எதுக்கு எடுத்தேன்னு ஒருத்தராவது கேட்டீகளா?"

"எதுக்கு?" என்றாள் கலா.

"மொத பிரஸ் அண்ணாச்சிக்கு நான் எழுதிக் குடுத்த வருசம் அவுகளுக்கு ஆர்டர் குவிஞ்சு போச்சு. அடுத்து வந்தவுக எல்லாம் ஒரே சொல்லுதான். 'அண்ணாச்சிக்குக் குடுத்ததையே குடும்மா, ராசியானது, ஒரு எழுத்தைக் கூட மாத்தாதே.' நல்லா எழுதித் தாரேன்னு சொன்னேன். வேண்டாமுன்னாக. மஞ்ச குங்குமம் வச்சு, வெத்தலை பாக்கோட வந்து காப்பி வாங்கிட்டுப் போனாக. பெறகு ஆளாளுக்கு அவுக ஆசையைச் சொல்லுவாக. எங்க குலசாமி பொங்கலைப் போடு, எங்க மகன் கல்யாண நாளைச் செவப்புல போடுன்னு. அந்தந்தக் காப்பில அதைச் சேத்தேன். அந்தப் பிரிவு ஒவ்வொண்ணும் ஒரு மனுசன்."

கலா இறங்கி வந்து எனக்கு மேல்படியில் உட்கார்ந்தாள். "அதை என்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல மதினி?"

"நீ அளந்துட்டு வந்த. கேட்டுட்டா வந்த?"

பட்டணத்தில் வேலை பார்த்தவள், எதற்கும் பதில் வைத்திருப்பவள், என் சேலை முந்தானையைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தாள்.

பிறகு மெதுவாகச் சொன்னாள். "கேக்காதது தப்புதான். ஆனா அளந்ததும் நெசந்தான மதினி. இப்படியே விட்டா அடுத்த வருசமும் பால் வரும்."

"வரும்" என்றாள் முத்து. அவளும் ஒரு படி ஏறியிருந்தாள். "எனக்கும் தெரியும். பத்துப் பதினஞ்சையும் ஒண்ணாக்கணும். ஆனா மொத அண்ணாச்சிகிட்ட யாரு சொல்றது? அவுக ராசியைத் தூக்கி எல்லாருக்கும் பொதுவாக்குறோம்னு?"

"சொல்லாமச் செஞ்சுருவோம்."

"சொல்லாமச் செஞ்சா அது களவு கலா. என் மூஞ்சிக்காகத்தான் அவுக மொத ஆர்டர் குடுத்தாக. நாளைக்கு நானே போய்ப் பேசுறேன். மதுரையை அதுக்குப் பெறகு பாத்துக்கிறேன்."

சாத்தூர்ச் சேவு

நானும் கூடப் போனேன். பேச இல்லை, சும்மா. அண்ணாச்சியின் அறையில் மை வாசமும் சந்தன வாசமும் சேர்ந்து அடிக்கும். பக்கத்தில் வெட்டு மிசின் தடக்கென்று விழும்போதெல்லாம் மேசையில் டம்ளர் ஆடும். சுவரெல்லாம் சாமி, பழைய வருடத்துச் சாமிகள். ஒரு தட்டில் சாத்தூர்ச் சேவு வந்தது.

"வாங்க, வாங்க. மாமியாரும் மருமகளும் சேந்து வந்திருக்கீக. விசேசமா, சண்டையா?"

"அரைச் சண்டை" என்றேன். "மீதி வீட்டுல இருக்கு."

முத்து விஷயத்தைச் சொன்னாள். சேவு மென்றுகொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார்.

"அப்ப என் ராசி எல்லாருக்கும் போயிருமேத்தா."

"அது எப்பவோ போயிருச்சு அண்ணாச்சி. வியாழக்கிழமைக்குப் பால் போட்டுச்சே ஒரு பிரஸ், அவுக வச்சிருந்ததும் உங்க காப்பிதான்."

"என் காப்பியா? பாலா?"

"உங்க பேரைச் சொல்லித்தான் எல்லாரும் வாங்குனாக. நாளைக்குத் தப்பு வந்தாலும் உங்க பேரைச் சொல்லித்தான் பேசுவாக. எந்தக் காப்பில எது தப்புன்னு எழுதுன எனக்கே தெரியலை. ஒண்ணா இருந்தா, ஒரு இடத்துல திருத்துனா எல்லா இடத்துலயும் திருந்தும். உங்க பேருக்கு ஒரு பழுது வராது."

அண்ணாச்சி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். வெட்டு மிசின் ஏழெட்டுத் தரம் விழுந்தது.

"அந்த ஒண்ணுக்கு மொதப் பூசை எங்க வச்சு?"

"இங்கனதான் அண்ணாச்சி. வேற எங்க?"

"மத்த பிரஸ்காரவுக வருவாகளா?"

"நீங்க கூப்பிட்டா வராம இருப்பாகளா?"

"கூப்பிட்டுருவோம்" என்றார். தட்டை என் பக்கம் தள்ளினார். "நீங்க ஏன் சும்மா இருக்கீக? எடுத்துக்கோங்க."

நான் சும்மா இருக்கவில்லை. தட்டில் பாதி ஏற்கெனவே காலி. அவர் கவனிக்கவில்லை.

கட்டங்கள் நிறம் மாறின

ஆனி முழுக்க இரண்டு பேரும் மாடியில்தான். எல்லாருக்கும் பொதுவானது ஒரு இடம். ஒவ்வொரு முதலாளியின் ஆசையும் அவரவர் பெயர் போட்ட தனி இடம். பச்சை மை அம்மாவுக்குப் பச்சை மை, குலசாமிக்காரருக்குக் குலசாமி. யாருடைய ஆசையையும் தள்ளவில்லை. ஒவ்வொரு தடவை எதையாவது மாற்றினாலும் போன வருடத்துக் காலண்டரைப் பழையதிலும் புதியதிலும் போட்டு, தாளுக்குத் தாள் ஒத்திருக்கிறதா என்று பார்த்தபிறகுதான் பழையதை அழித்தார்கள்.

அமைதியாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். "இந்தத் துண்டு நீளம் மதினி" என்பாள் ஒருத்தி. "உன் நாக்கை விடவா?" என்பாள் மற்றவள். கீழே கேட்கும். சாப்பாட்டுக்கு ஒன்றாக வருவார்கள், ஒரே தட்டில் அப்பளம் எடுப்பார்கள், மறுபடி சண்டை போட ஒன்றாக ஏறுவார்கள். மதுரைப் பேச்சை மட்டும் யாரும் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. உள்ளுக்குள் அது கிடந்து அரித்தது.

ஆடி பிறந்து, பெருக்குக்கு முந்திய ஒரு சாயங்காலம் மறுபடி அளந்தார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். காற்று அள்ளிக்கொண்டு போகிற நாள், மாடிக் கதவைச் செங்கல் வைத்து நிறுத்தியிருந்தோம். திரை பச்சைப் பசேலென்று இருந்தது. மூலையில் ஒரே ஒரு கட்டம் மட்டும் நல்ல சிவப்பு.

"இது யாரு எழுதுனது?" என்று கேட்டாள் முத்து.

கலா தொண்டையைச் செருமினாள். "நான்தான். அவசரத்துல எழுதிட்டேன்."

முத்து குத்திக் காட்டப் போகிறாள் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவளுக்கு அதற்கு எல்லா நியாயமும் உண்டு. நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது.

"நகந்து உக்காரு" என்றாள். "எதுக்கு இப்படிப் பிரிச்ச? மொதல்ல அதைச் சொல்லு."

கலா சொல்ல ஆரம்பித்தாள். முத்து தாடையில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து முத்துவின் போன் அடித்தது. மதுரை. அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் போனை என் கையில் கொடுத்தாள்.

"நீங்க பேசுங்க அத்தே. வேலையா இருக்கேன்னு சொல்லுங்க."

சொன்னேன். எப்போது திரும்பக் கூப்பிடட்டும் என்று மரியாதையாகக் கேட்டார்கள்.

"ஏத்தா, வேலை எப்ப முடியும்னு கேக்காக" என்று முத்துவிடம் கேட்டேன்.

"முடியாதுன்னு சொல்லுங்க."

"முடியாதாம்யா" என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்தபிறகும் போனைக் காதிலேயே பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். என் முகத்தை அவர்கள் பார்த்துவிடக் கூடாதே.

ஆடிப் பதினெட்டு அன்றைக்கு அண்ணாச்சி பிரஸ்ஸில் கூட்டம். மடிக்கணினிக்கு அவரே சந்தனம் வைத்தார். குங்குமத்தைத் திரை நடுவிலேயே வைத்துவிட்டார், கலா துடைக்கப் போனதற்கு விடவில்லை. ஆல்பத்தைத் திறந்ததும் பிரஸ்காரர்கள் எல்லாரும் முதலில் பார்த்தது ஒரு வியாழக்கிழமையைத்தான். தைலம் என்று இருந்தது. பால் தாளோடு வந்து நின்ற அந்தப் பிரஸ்காரரும் பார்த்தார். பார்த்துவிட்டு, அங்கேயே ஆர்டரைச் சொன்னார்.

பிறத்தியாரிடம் பெருமை பேசுவேன், மருமகளிடம் நேரில் ஒரு நல்ல வார்த்தை சொல்ல எனக்கு வராது. அது என் பிறவி. அதனால்தான் இந்த வாரம் இதைச் சொல்லி எழுத வைத்தேன்.

எழுதி முடித்துவிட்டாயா நிலா? எங்கே, முதலிலிருந்து ஒருதரம் வாசி. முணுமுணுக்காதே, சத்தமாக வாசி. உன் அம்மா அடுப்படியில்தான் நிற்கிறாள்.